பளை வீட்டில் எத்தனை பேர்?

1

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருக்கும். முன்னுக்குச் சொல்ல வேண்டியதைப் பின்னுக்குச் சொல்லுவேன். வயது எழுபத்து நாலு. நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியை வீடு முழுக்கத் தேடுகிறவள். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றிப் படித்த ஆட்கள் அழகாக எழுதுகிறார்கள். பனி, குளிர், தனிமை எல்லாம் அவர்கள் எழுதிவிட்டார்கள். நான் ஒரு படிவத்தைப் பற்றி எழுத வந்தேன்.

நான் இருப்பது கனடாவில், ஸ்காபுரோவில், முதியவர்களுக்கென்று கட்டிய மாடிக் கட்டடத்தில், ஏழாம் மாடி. ஒரு அறை, சமைக்க ஒரு குசினி. வாடகையில் பெரும்பங்கை அரசாங்கம் கட்டுகிறது. அதனால் வருடத்துக்கு ஒரு தடவை படிவம் ஒன்று அனுப்புவார்கள். அதில் ஒரு கேள்வி: இந்த வீட்டில் உங்களோடு யார் யார் இருக்கிறார்கள்?

என் மனிசன் காலமான பிறகு என்னோடு ஒருவரும் இல்லை. படிவத்தை நிரப்புவது மகள் மலர். அவளிடம் ஒவ்வொரு வருடமும் ஒரே விசாரணைதான்.

"பிள்ளை, போன மாரிக்கு உன்ரை மோன் இஞ்சை ரெண்டு நாள் நிண்டவனெல்லே. அதையும் போட வேணுமோ?"

"அம்மா, பேரப்பிள்ளை வந்து ரெண்டு நாள் நிண்டதை ஆர் கேக்கப்போகினம்?"

"கேட்டால்?"

"கேட்டால் உங்களைப் பிடிச்சுக்கொண்டு போவினம். நான் சோறு கொண்டுவந்து தாறன்."

அவள் சிரிப்பாள். நான் சிரிப்பதில்லை. பிழையாக ஒரு சொல் எழுதி, அதற்குக் கையெழுத்தும் வைத்துவிட்டால் என்ன ஆகுமோ என்று எனக்குப் பயம். அந்நிய தேசம், அறியாத பாஷை.

இந்த முறையும் அவள் நிரப்பிவிட்டுப் பேனையைக் கையில் தந்தாள். என்னால் கையெழுத்து வைக்க முடியவில்லை.

"என்னம்மா, கை நடுங்குதோ?"

"இல்லைப் பிள்ளை, கண்ணாடி மங்கல்" என்றேன்.

அது பொய். இதே கேள்வியை வேறொரு வீட்டைப் பற்றி என்னிடம் கேட்டிருந்தார்கள். அதற்கு நான் நடுங்காமல் பதில் எழுதிக் கையெழுத்தும் வைத்திருந்தேன்.

2

யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறினால் சாவகச்சேரி, பிறகு கொடிகாமம், பிறகு முகமாலை தாண்டிப் பளை. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வெளியே பார்த்துக்கொண்டு போனால் அதே பனை, அதே தென்னை, அதே வெள்ளை மணல். ஆனால் வழியில் ஓரிடத்தில் மாவட்டம் மாறிவிடுகிறது. கொடிகாமம் யாழ்ப்பாண மாவட்டம். பளை கிளிநொச்சி மாவட்டம். பஸ்ஸில் தூங்கி விழுகிறவருக்கு அது தெரியவே தெரியாது.

பல்கலைக்கழகம் போக உயர்தரச் சோதனை எழுதுகிற பிள்ளைக்குத் தெரியும். மருத்துவபீடத்துக்கு மாவட்டம் மாவட்டமாகத்தான் பெரும்பாலான பிள்ளைகளைத் தெரிவுசெய்கிறார்கள். வெட்டுப்புள்ளி, அதாவது இடம் கிடைக்க எடுக்க வேண்டிய குறைந்த புள்ளி, யாழ்ப்பாணத்துக்கு உயரம். கிளிநொச்சியின் வெட்டுப்புள்ளி அதைவிடக் குறைவு. ஏன் குறைவு என்று ஒருவரும் எனக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்தப் பிள்ளைகள் பதுங்குகுழியில் பிறந்து, முகாமில் தவழ்ந்து, கூரையில்லாத பள்ளிக்கூடத்தில் அரிவரி படித்த பிள்ளைகள். அவர்களுக்கு ஒரு படி இறக்கி வைத்திருக்கிறார்கள். அது நியாயம்தான். இதை இப்போது சொல்லுகிறேன். அப்போது சொல்லவில்லை.

பளையில் எங்களுக்கு ஒரு தென்னங்காணியும் அதற்குள் ஒரு சின்னக் கல்வீடும் உண்டு. என் மனிசனின் வழியில் வந்தது. சண்டை முடிந்து, கண்ணிவெடி எடுத்து, ஆட்களைத் திரும்ப இருக்க விட்டபோது, கூரை போன வீட்டைத் திருத்தினோம். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று புவனத்தை இருத்தினோம். புவனம் கடைசிச் சண்டையில் மனிசனைப் பறிகொடுத்தவள். இடுப்பில் ஒரு பெண்குழந்தையோடு வந்தாள். பெயர் நிரோஜா. அன்று தொடக்கம் அந்த வீட்டில் இருந்தவர்கள் அந்தத் தாயும் மகளும்தான். தேங்காய் பொறுக்கி அடுக்குவது, வேலி அடைப்பது, கிணறு இறைப்பது எல்லாம் புவனம். என்னை "அம்மா" என்பாள். நிரோஜா "அன்ரி" என்பாள்.

என் தம்பி கொடிகாமத்தில் இருக்கிறான். சந்தையில் தேங்காய், மாங்காய் மொத்தமாக எடுத்துக் கொழும்புக்கு அனுப்புகிறவன். சண்டைக்காலம் ஓடிப்போய்ப் பிந்திக் கலியாணம் செய்தவன். ஒரே மகள் அபிநயா. நான் அவளுக்கு மாமி.

தம்பியும் ஒரு காலத்தில் டொக்டராக வேண்டியவன். சோதனையில் கெட்டிக்காரன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்றபடியால் அவனுக்குப் புள்ளி போதாமல் போய்விட்டது. அந்தக் கதையை நாற்பது வருடமாக எல்லோருக்கும் சொல்லுகிறான். சாப்பாட்டுக்கு இருந்தால் சொல்லுவான், செத்தவீட்டுக்குப் போனாலும் சொல்லுவான். என்னைப் பொறுத்தவரையில் எனக்கு அப்படி ஒரு குறையும் இல்லை. என் இடத்தை ஒருவரும் வெட்டவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பில் நான் கணக்கில் தோற்றேன், அம்மா குசினிக்குக் கூப்பிட்டாள், போனேன். ஆகவே நான் செய்ததற்குப் பழைய நோவைக் காரணம் காட்ட எனக்கு வழியில்லை.

3

அபிநயா உயர்தரத்துக்கு முந்திய சாதாரணதரச் சோதனையை நன்றாகச் செய்தாள். ஒரு நாள் தம்பி ரெலிபோன் எடுத்தான்.

"அக்கா, உங்கடை பளை வீடு சும்மாதானே கிடக்கு?"

"சும்மா எங்கை கிடக்கு? புவனம் இருக்கிறாள்."

"அவள் இருக்கட்டும். நான் பிள்ளையைப் பளைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒண்டிலை சேர்க்கப்போறன். பஸ்ஸிலை போய் வந்திடுவாள். ஆனால் அந்த மாவட்டத்துப் பிள்ளையெண்டு காட்டக் குடியிருப்பும் வேணுமாம். தாயும் பிள்ளையும் உங்கடை வீட்டிலை இருக்கினமெண்டு நீங்கள் ஒரு கடிதம் தந்தால் காணும்."

"அவை அங்கை வந்து இருக்கப்போகினமோ?"

"அக்கா! சனி ஞாயிறு ரியூசனுக்கு யாழ்ப்பாணத்திலை, நல்லூரிலை அறை எடுத்தாச்சு. ஆர் போய் உந்தத் தென்னங்காணிக்குள்ளை இருக்கிறது?"

"அப்ப பொய்யெல்லே தம்பி?"

"என்ன பொய்? உங்கடை வீட்டிலை உங்கடை மருமோள் இருக்கிறது பொய்யோ? எங்களை அண்டைக்கு ஒரு கோட்டைக் கீறி வெட்டினவங்கள். நாங்கள் இண்டைக்கு அந்தக் கோட்டை ஒரு எட்டுத் தாண்டி வைக்கிறம். அவ்வளவுதான்."

எனக்கு அவனோடு வாதாடத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே அவன் கதைத்தால் நான் கேட்டுக்கொண்டு நிற்பேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு ஆசையும் வந்தது. எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்பிள்ளை வெள்ளைக் கோட்டுப் போடுவாள், அது என் வீட்டால் நடந்தது என்று நாலு பேர் சொல்லுவார்கள். இங்கே எங்கள் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போனால் நான் பின்வரிசை வாங்கில் இருந்து, ஆராதனை முடிய முதல் ஆளாக வெளியே போகிறவள். ஒருவரும் என்னை ஒன்றும் கேட்பதில்லை. ஒருநாளாவது கேட்பார்கள் என்று நினைத்தேன்.

கடிதத்தை நானே எழுதினேன். ஒரு பக்கம். என் தம்பியின் மனைவியும் மகளும் எனது பளை வீட்டில் நிரந்தரமாக வசித்து வருகிறார்கள் என்று. "நிரந்தரமாக" என்ற சொல் தம்பி சொல்லித் தந்தது. அதுவரை நான் எழுதிய கடிதங்களில் அதுதான் மிகத் திறமான கையெழுத்து.

பிறகு புவனத்துக்கு ரெலிபோன் எடுத்தேன். ஊர்ப் பதிவு பார்க்கிற அரசாங்க அலுவலர், விதானையார், வந்து விசாரித்தால், நாலு பேரும் இருக்கிறோம் என்று சொல்லச் சொன்னேன்.

"ஓமம்மா. பள்ளிக்கூட விஷயத்துக்குத்தானே? அதுக்கென்ன, சொல்லுறன்" என்றாள்.

பள்ளிக்கூட விஷயத்துக்குத்தான் என்று நானும் சொன்னேன். மிச்சத்தைச் சொல்லவில்லை.

4

அடுத்த வருடம் ஊருக்கு வந்தேன். என் மனிசன் இறந்தபிறகு அதுதான் முதல் பயணம். தம்பி தன் வாகனத்தில் என்னைப் பளைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

கேற்றைத் திறந்தவுடன் நான் கண்டது உடுப்புக்கொடி. அதில் இரண்டு வெள்ளைச் சட்டை, இரண்டு கழுத்துப் பட்டி. இரண்டும் பள்ளிக்கூடச் சட்டைகள். ஒன்று நிரோஜா தோய்த்துத் தோய்த்துப் பழுப்பேறியது. மற்றது மொடமொடவென்று புதிது. அபிநயாவின் சட்டை. அதைத் தம்பி கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். புவனம் ஒவ்வொரு கிழமையும் அதைத் தண்ணியில் நனைத்துக் கொடியில் போடுகிறாள். ஒருவரும் போடாத சட்டை.

"விதானையார் எப்ப வருவார் எண்டு தெரியாதெல்லே அம்மா. அதுதான் எப்பவும் கிடக்கட்டும் எண்டு விட்டிருக்கிறன்" என்றாள் புவனம். அவள் அதை ஒரு கெட்டித்தனமாகத்தான் சொன்னாள். "ஒருக்கா வந்து பாத்திட்டுப் போனவர். நாலு பாயும் விரிச்சுக் காட்டினனான். பல்லுத் தீட்டுற பிரஷ்கூட நாலு வைச்சனான்!"

தம்பி வாய்விட்டுச் சிரித்தான். "புவனம், நீ கொழும்பிலை இருக்க வேண்டிய ஆள்" என்றான். நானும் சிரித்தேன். விதானையார் பாவம், கண்ணால் கண்டதை எழுதிக்கொண்டு போயிருக்கிறார். அவரில் ஒரு பிழையும் இல்லை.

நிரோஜா தேத்தண்ணி கொண்டுவந்தாள். மெலிந்த பிள்ளை. தேங்காய் அடுக்குகிற அறையில் ஒரு மூலையை ஒதுக்கி, கதவுப் பலகை ஒன்றை இரண்டு கல்லில் வைத்து மேசையாக்கியிருந்தாள். சுவர் முழுக்கக் கடதாசி. தவளையின் வயிறு, இலையின் குறுக்குவெட்டு, எனக்குத் தெரியாத என்னென்னவோ. அவளும் உயிரியல்தான் படிக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். பத்து வருடத்துக்கு மேலாக என் வீட்டில் இருக்கிற பிள்ளை. நான் ஒருநாளும் கேட்டதில்லை.

தம்பி கிணற்றடிக்குப் போனபோது அவள் மெல்லக் கிட்ட வந்தாள்.

"அன்ரி, ஒண்டு கேட்டால் கோவிப்பியளோ?"

"கேளன் பிள்ளை."

"அபிநயாவின்ரை நல்லூர் ரியூசன் நோட்ஸ் ஒருக்காத் தருவாவோ எண்டு கேட்டுச் சொல்லுறியளோ? போட்டோ எடுத்துப்போட்டு உடனை திருப்பிக் குடுத்திடுவன். எங்கடை பள்ளிக்கூடத்திலை இரசாயனவியலுக்கு ரீச்சர் இன்னும் வரேல்லை."

"அதுக்கென்ன, கேட்டுச் சொல்லுறன்" என்றேன்.

திரும்பி வரும்போது வாகனத்தில் கேட்டேன். தம்பி றோட்டைப் பார்த்தபடி சொன்னான்: "அக்கா, ரெண்டு பேரும் ஒரே மாவட்டத்திலை ஒரே சோதனை எழுதப்போகினம். விளங்குதோ? நோட்ஸ் குடுக்கிறதெண்டால் இடத்தையும் சேர்த்துக் குடுக்கலாம்."

எனக்கு விளங்கியது. அந்த வாகனத்தில், கொடிகாமத்துக்கு வர முன்னரே, எல்லாம் விளங்கியது. விளங்கவில்லை என்று இன்றைக்குச் சொல்ல மாட்டேன்.

நான் கனடாவுக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் நிரோஜா ரெலிபோனில், "அன்ரி, அந்த நோட்ஸ்..." என்று தொடங்கினாள்.

"அய்யோ பிள்ளை, மறந்தேபோனன். வயசு போனால் ஒண்டும் ஞாபகம் நிக்குதில்லை" என்றேன்.

"பரவாயில்லை அன்ரி" என்றாள். பிறகு கேட்கவில்லை.

முதலில் எழுதினேனே, நெற்றியில் இருக்கிற கண்ணாடியைத் தேடுகிற மறதிக்காரி என்று. அது உண்மைதான். ஆனால் நான் மறந்ததாகச் சொன்ன எல்லாவற்றையும் நான் மறக்கவில்லை.

5

சோதனை முடிவு வந்தது. பிறகு பல மாதம் கழித்து வெட்டுப்புள்ளி வந்தது. அபிநயாவுக்கு மருத்துவபீடம் கிடைத்தது. கிளிநொச்சி மாவட்டப் பிள்ளையாக. அதே புள்ளியோடு யாழ்ப்பாண மாவட்டத்தில் நின்றிருந்தால் கிடைத்திராது. தம்பி ரெலிபோனில் அழுதான். அவன் அழுது நான் கேட்டது எங்களைப் பெத்த ஐயா செத்த அன்றைக்கு மட்டும்தான்.

நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். எங்கள் பக்கத்து வேதக்காரரிடம் ஒரு வழக்கம். பிள்ளை சோதனை பாஸ் பண்ணினால், நோய் மாறினால், விசா கிடைத்தால், ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்லுவோம். சபைக்கு முன்னால் ஆண்டவருக்கு நன்றி சொல்லுவோம். மலர் போதகருக்குச் சொல்லிவிட்டாள், அவர் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

நான் ஒலிவாங்கியைப் பிடித்தது ஆயுளில் அந்த ஒரு நாள்தான். என்ன சொன்னேன் என்று முழுதும் ஞாபகமில்லை. இது உண்மையாகவே மறந்துபோனது. "என்ரை மருமோளுக்கு ஆண்டவர் ஒரு கதவைத் திறந்தார்" என்று சொன்னது மட்டும் ஞாபகம். எல்லோரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள். ஆராதனை முடிய நான் முதல் ஆளாக வெளியே போகவில்லை. பெண்கள் வந்து கையைப் பிடித்தார்கள். "உங்கடை குடும்பம் ஆசீர்வாதமான குடும்பம் அக்கா." "ஆர், உங்கடை சொந்தத் தம்பியின்ரை மோளோ?" இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டேன். ஒரு பிறந்தநாள் கேக்கைக்கூட எனக்காக வெட்டிச் சாப்பிட்டார்கள். அது வேறு ஒருவருக்கு வந்த கேக்.

எந்தக் கதவு? ஆர் திறந்தது? அந்தக் கதவின் திறப்புச் சாவி என் மேசை லாச்சிக்குள் இருந்தது. இதைச் சபையில் ஒருவரும் அறியார்.

6

அடுத்த நாள் புவனம் எடுத்தாள். வாழ்த்துச் சொல்ல எடுத்தாள்.

"அம்மா, அபிநயாவுக்குக் கிடைச்சிட்டுதாம். சரியான சந்தோசம். எங்கடை வீட்டுப் பிள்ளை மாதிரித்தானே."

"ஓம் புவனம். நிரோஜாவுக்கு என்ன மாதிரி?"

"ஒரே ஒரு ஆளாலை தவறிப்போச்சுதம்மா. முடிவுச் சீட்டிலை மாவட்டத்திலை எத்தினையாவது எண்டு போட்டிருக்கெல்லே. இவளுக்கு முன்னாலை நிண்ட பிள்ளையோடை இடம் முடிஞ்சுதாம். வாத்தியார் சொன்னவர், ஒராள் குறைஞ்சிருந்தால் இவள்தானாம். என்ன செய்யிறது? எங்கடை பலன். திரும்பவும் எழுதச் சொன்னால் மாட்டன் எண்டுறாள். சாவகச்சேரியிலை மருந்துக் கடை ஒண்டிலை வேலைக்குப் போறாள்."

ஒராள் குறைந்திருந்தால். அந்த ஒராளை என் கையெழுத்துத்தான் அந்த மாவட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தியது. அதற்குச் சாட்சியாக நாலு பாயை விரித்துக் காட்டியது புவனம். தன் பிள்ளையின் இடத்தைத் தன் கையாலேயே விரித்துக் கொடுத்திருக்கிறாள். அது அவளுக்குத் தெரியாது. அதனால்தான் சந்தோசம் என்கிறாள்.

"அம்மா, லைனிலை நிக்கிறியளோ?"

"நிக்கிறன். நிரோஜாவிட்டைக் குடு."

அவள் வந்தாள். "சொல்லுங்கோ அன்ரி."

"பிள்ளை..." என்றேன்.

அவள் வெளியே போய்க் கதைக்கிறாள் என்று விளங்கியது. காற்றுச் சத்தமும் ஓலைச் சத்தமும் கேட்டது. பிறகு சின்னக் குரலில் சொன்னாள்: "அம்மாவுக்குத் தெரியாது அன்ரி. சொல்லாதையுங்கோ. அவ தாங்க மாட்டா."

"உனக்குத் தெரியுமோ?"

"விதானையார் வந்த அண்டைக்கே தெரியும்."

"பிறகு ஏன் பிள்ளை நீ சொல்லேல்லை? அவரிட்டைச் சொல்லியிருக்கலாமே. என்னட்டையாவது..."

"உங்கடை வீடெல்லோ அன்ரி. நாங்கள் எங்கை போறது?"

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்லுகிற மாதிரிச் சொன்னாள்.

7

இதெல்லாம் நடந்து சில கிழமைக்குள்தான் அந்தப் படிவம் வந்தது. நான் கையெழுத்து வைக்காமல் இருந்ததைக் கண்டு மலர் விடவில்லை. கிண்டிக் கிண்டிக் கேட்டாள். சொன்னேன். பேரன் பக்கத்தில் இருந்தான். அவனும் இந்த வருடம் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதில் பார்த்துக்கொண்டிருக்கிறவன். இங்கே பதில் கொம்பியூட்டரில் வரும். நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்ப்பான். தமிழ் அவனுக்குக் கொஞ்சம்தான். என்னோடு கதைப்பதும் கொஞ்சம்தான். வந்தால் போனோடு இருப்பான், போகும்போது கன்னத்தில் கொஞ்சிவிட்டுப் போவான்.

மலர் நான் எதிர்பார்த்ததைத்தான் சொன்னாள். "அம்மா, உதெல்லாம் எல்லாரும் செய்யிறதுதான். இஞ்சையும் நல்ல பள்ளிக்கூடம் கிடைக்க எத்தினை பேர் சித்தப்பா வீட்டு விலாசம் குடுக்கினம்? நீங்கள் மனதைப் போட்டு உழட்டாதையுங்கோ."

பேரன் போனிலிருந்து தலையை நிமிர்த்தினான். "அம்மம்மா, மற்றப் பிள்ளை இப்ப என்ன செய்யுது?" என்று கேட்டான்.

கதை முழுவதிலும் மற்றப் பிள்ளையைப் பற்றிக் கேட்டவன் அவன் ஒருவன்தான். மருந்துக் கடையில் வேலை செய்கிறாள் என்றேன். திரும்பப் போனைப் பார்த்தான். ஆனால் அதில் ஒன்றையும் அழுத்தவில்லை.

தம்பிக்கு எடுத்தேன். நான் அவனோடு எதிர்த்துக் கதைத்தது அன்றைக்குத்தான்.

"தம்பி, நான் அந்தக் கடிதம் பிழையெண்டு எழுதப்போறன்."

"விசர்க்கதை கதையாதையுங்கோ அக்கா. பிள்ளை களவாயோ சோதனை எழுதினவள்? படிச்சு எழுதினவள்!"

"எழுதினது அவள்தான். இருந்தது எங்கை?"

அவன் குரல் இறங்கியது. "அக்கா, மருத்துவபீடத்திலை பதிஞ்சாச்சு. ஊர் முழுக்கத் தெரியும். இப்ப நீங்கள் எழுதினால் அவளை வெளியிலை விடுவாங்கள். வேறை படிப்பும் குடுப்பாங்களோ தெரியாது. உங்கடை கையாலை உங்கடை மருமோளைக் கொல்லப்போறியளோ?" பிறகு கெஞ்சினான். "ஆரும் கேட்டால் ஞாபகமில்லை எண்டு சொல்லுங்கோ. வயசு போன மனிசியை ஆர் நெருக்கிக் கேக்கப்போகினம்?"

என் மறதியை அவனும் அறிந்து வைத்திருக்கிறான்.

இரண்டு நாள் கழித்து அபிநயா குரல் பதிந்து அனுப்பினாள். எத்தனையோ தடவை போட்டுக் கேட்டேன். "மாமி, நீங்கள் அப்பாவோடை கதைச்சது எனக்குத் தெரியும். எழுதுங்கோ எண்டு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எழுதாதையுங்கோ எண்டு சொல்லவும் வாய் வரேல்லை. அண்டைக்குக் கொடிகாமத்திலை பஸ் ஏறினன். நிரோஜா பளையிலையிருந்து வேலைக்குப் போறாள், உள்ளை இருந்தவள். என்னைக் கண்டிட்டு அரக்கி இருந்து பக்கத்திலை இடம் விட்டவள். நான் இருக்கேல்லை மாமி. சாவகச்சேரி மட்டும் நிண்டுகொண்டே போனன்."

8

எழுதினேன். பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவுசெய்கிற கொழும்பு அரசாங்கக் கந்தோருக்கு ஒன்று, விதானையாருக்கு ஒரு பிரதி. தம்பியின் மனைவியும் மகளும் என் பளை வீட்டில் ஒரு நாளும் குடியிருக்கவில்லை, பொய்க் கடிதம் தந்தது நான், புவனத்தைப் பொய் சொல்லச் சொன்னதும் நான், அவள் என் வீட்டில் இருக்கிறபடியால் மறுக்க முடியாமல் சொன்னாள் என்று. பிழையான எழுத்துகளை வெட்டித் திருத்தி எழுதினேன். முதல் கடிதம் போல் கையெழுத்து அழகாக இல்லை.

நல்லது செய்தேன் என்று நினைத்து இதைச் சொல்லவில்லை. ஒரு பிள்ளையைத் தள்ளிவிட்ட கையால் மற்றப் பிள்ளையையும் தள்ளுகிறேன். நாலு வருடத்துக்கு முன்னர், "ஏலாது தம்பி" என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் இரண்டு பிள்ளைகளும் தங்கள் தங்கள் இடத்தில் நின்றிருப்பார்கள். தம்பி இப்போது என்னோடு கதைப்பதில்லை. கோயிலில் நான் திரும்பவும் பின்வரிசை வாங்கில். எழுந்து நின்று இந்தச் சாட்சியைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். வகுப்புத் தொடங்க முன்னர் காலியான இடங்களுக்கு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார்களாம். நிரோஜாவைக் கூப்பிடுவார்களோ, காலம் பிந்திவிட்டதோ, எனக்குத் தெரியாது. அவளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை ஏமாற்ற மனமில்லை. வீட்டைப் பற்றி மட்டும் புவனத்துக்குச் சொன்னேன்: யார் என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல், அதற்காக உன்னை ஒருவரும் வீட்டை விட்டு எழுப்பமாட்டார்கள் என்று. "என்னம்மா திடீரெண்டு?" என்றாள். அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

இதில் பெயர்களை மாற்றியிருக்கிறேன். உண்மைப் பெயர்களும் விபரங்களும் தனிக் கடதாசியில் இந்தப் பத்திரிகை ஆசிரியரிடம் இருக்கின்றன. அவரிடமும், அந்தப் பக்கம் இருக்கிற யாரிடமும் ஒரு உதவி கேட்கிறேன். எல்லாம் சரிபார்த்த பிறகு கடிதத்தைப் போடுவோம் என்று இருந்தால் நான் போடவே மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். அதில் பிழைகள் இருக்கலாம். விதானையார் பிரிவின் இலக்கம் ஞாபகத்தில் இருந்து எழுதியது. காணியின் இலக்கமும் அப்படித்தான். முதல் கடிதத்தில் என்ன திகதி போட்டேன் என்று நிச்சயமில்லை. நிரோஜாவின் முழுப்பெயர் பிறப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படி நான் எழுதினேனோ தெரியாது. கிளிநொச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்குமான சட்டம் நான் சொன்ன மாதிரித்தானா என்பதையும் தெரிந்தவர்கள் பாருங்கள். பிழை இருந்தால் விரைவாகச் சொல்லுங்கள், திருத்தி இன்னொரு கடிதம் போடுவேன். இலக்கம் பிழைத்ததால் கடிதம் வேறு கோப்புக்குள் போய்ப் படுத்துவிடக் கூடாது.

அந்த வீட்டில் இருந்தவர்கள் இரண்டு பேர். அதை ஒருவரும் சரிபார்க்கத் தேவையில்லை.